தீவிர ஆட்டக்காரர் எதை நம்பி நிற்கிறார்?

திரைக்குள் ஒரு களம்: வீடியோ கேம் வரலாறு – 14

சென்ற பகுதியில் அடாரியின் வீழ்ச்சியைப் பார்த்தோம். 1983இல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்தபோது, விற்காமல் தேங்கிய கேசட்டுகளை நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ ஊருக்கு லாரிகளில் கொண்டுபோய்ப் புதைக்கும் நிலை அந்த நிறுவனத்துக்கு வந்தது. தரமற்ற ஆட்டங்களுக்குக் காசு கொடுத்து ஏமாந்தவர்கள் அடாரியிடம் திரும்பி வரவில்லை. அன்று எழுந்த ஒரு கேள்வியை இந்தத் தொழில் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய பெட்டியை ஓரம்கட்டச் சொல்லிப் புதிய பெட்டியை விற்கிற கன்சோல் நிறுவனம், தன்னை நம்பி ஆடிவரும் தீவிர ஆட்டக்காரர்களை அடுத்த பெட்டிக்கும் அழைத்துச் செல்ல முடியுமா? முடியும் என்பதே என் விடை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தீவிர ஆட்டக்காரரைக் கட்டிவைப்பவை மூன்று: அவர் சேர்த்து வைத்திருக்கும் ஆட்டங்கள், கூட ஆடும் நண்பர்கள், நிறுவனம் கொடுத்த வாக்கு. இந்த மூன்றும் கெடாமல் இருக்கும்வரை அவர் நகர்வதில்லை. கெட்டுவிட்டால் எவ்வளவு சிறந்த பெட்டியும் அவரை நிறுத்தாது. இந்த முடிவைச் சோதிக்க டோக்கியோவின் விற்பனைக் கணக்கோடு சென்னை ரிச்சி தெருவின் அனுபவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் சாட்சி சேகா. மெகா டிரைவ் கன்சோலைக் கொண்டு நிண்டெண்டோவுக்கு ஈடுகொடுத்த நிறுவனம் அது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க இளைஞர்களிடையே அதன்மீது இருந்த பற்று பெரிது. அந்தப் பற்றைச் சில ஆண்டுகளில் சேகா தானே கரைத்துக்கொண்டது. முதலில் மெகா டிரைவோடு இணைக்கும் சிடி கருவியை வாங்கச் சொன்னது. பிறகு 1994 நவம்பரில், அதே பெட்டியின் மேல் செருகும் 32எக்ஸ் என்ற இன்னொரு கருவியை 159 டாலருக்கு விற்றது. அதை வாங்கியவர்கள் சரியாக ஆடித் தீர்ப்பதற்குள், 1995 மே 11 அன்று சாட்டர்ன் என்ற புத்தம்புதிய கன்சோலை 399 டாலருக்கு அமெரிக்கக் கடைகளில் திடீரென்று இறக்கியது. செப்டம்பரில் வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்த பெட்டி அது. செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்த ஆட்டத் தயாரிப்பாளர்களால் உடனே ஆட்டம் தர முடியவில்லை. சரக்கு கிடைக்காத கடைக்காரர்கள் கோபம் கொண்டார்கள். அதே நாளில் சோனி தன் பிளேஸ்டேஷனின் விலை 299 டாலர் என்று அறிவித்தது. இங்கே அதிகம் அடிபட்டவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். எப்போதாவது ஆடுகிறவர் 32எக்ஸ் வாங்கியிருக்க மாட்டார். சேகா எதை விற்றாலும் முதல் ஆளாக வாங்கியவரே அதை வாங்கினார், அவர் கையிலேயே அது ஓராண்டுக்குள் செத்த பொருளானது.

1998இல் ஜப்பானிலும் 1999 செப்டம்பரில் அமெரிக்காவிலும் வந்த டிரீம்காஸ்ட், சேகா செய்தவற்றில் மிகச் சிறந்த கன்சோல் என்று இன்றும் பலர் கருதுகிறார்கள். இணையத்தில் ஆடுவதற்கான மோடம் அதனுள்ளேயே இருந்தது. ஆனாலும் 2001 ஜனவரி 31 அன்று அதன் தயாரிப்பை நிறுத்தப்போவதாகச் சேகா அறிவித்தது. விற்ற பெட்டிகள் ஏறக்குறைய 91 லட்சம். சேகாவை வீழ்த்தியது பணத் தட்டுப்பாடும் சோனியின் பலமும்தான், ஆட்டக்காரர்களின் மனக்கசப்பு அதில் சிறு பங்கே என்று சொல்வோர் உண்டு. கடன் சுமை இருந்தது உண்மை. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் போன்ற பெரிய தயாரிப்பாளர் டிரீம்காஸ்ட்டுக்கு ஆட்டம் செய்ய மறுத்ததும் உண்மை. ஆனால் அமெரிக்க ஆட்டக்காரர்கள் கடையில் கண்முன் இருந்த டிரீம்காஸ்ட்டை விட்டுவிட்டு, 2000 அக்டோபரில்தான் வரவிருந்த பிளேஸ்டேஷன் 2க்காக ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். நல்ல பெட்டி கையருகே இருக்க, வராத பெட்டிக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்றால், அவர் பெட்டியைவிட அதைச் செய்தவரின் நடத்தையையே எடைபோட்டிருக்கிறார் என்று பொருள். சாட்டர்னையும் 32எக்ஸையும் கைவிட்ட நிறுவனம் இதையும் கைவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. அந்த அச்சம் பொய்க்கவில்லை.

சேகா 1995இல் இந்தியாவுக்கும் வந்தது. 80 சதவீத இறக்குமதி வரியைச் சமாளிக்க ஷா வாலஸ் நிறுவனத்தின் வழியாக விற்கப்பட்ட மெகா டிரைவின் விலை 18,000 ரூபாய். அன்றைய மயிலாப்பூர் நடுத்தரக் குடும்பம் ஒன்று கலர் டிவி வாங்க ஒதுக்கும் பணம் அது. அந்த விலையில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களை உருவாக்க முடியாது. நிண்டெண்டோவின் முதல் கன்சோல் சாமுராய் என்ற பெயரில் இங்கே விற்கப்பட்டது. ஆனாலும் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைந்தவை அதன் நகல்களே. பர்மா பஜாரிலும் பாண்டி பஜாரிலும் ஊர் ஊராக எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் கிடைத்த அந்த ‘டிவி கேம்’ பெட்டிகளில், பல்லாயிரம் ஆட்டங்கள் என்று மேலே அச்சிட்டு, சில பத்து ஆட்டங்களையே திரும்பத் திரும்ப அடுக்கிய கேசட்டுகள் செருகப்பட்டன. மாரியோவையும் கான்ட்ராவையும் கரைத்துக் குடித்த பிள்ளைகள் பலருக்கு நிண்டெண்டோ, கொனாமி என்ற பெயர்கள் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தன. நிறுவனத்தின் பெயரே தெரியாமல் தீவிர ஆட்டக்காரர்கள் உருவாக முடியும் என்பதைச் சென்னை அன்றே காட்டியது. ஆட்டத்தின்மீது பற்று முதலில் வருகிறது, அதைச் செய்தவர்மீது பற்று பின்னால் வருகிறது. இந்த வரிசை நமக்கு முக்கியம்.

அடுத்த தலைமுறையில் இதே கதை பிளேஸ்டேஷன் 2ஐச் சுற்றி நடந்தது. அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவில் ‘சிப் போட்ட’ பி.எஸ்.2 கிடைத்தது. பெட்டிக்குள் ஒரு சிறு சில்லைப் பற்றவைத்துவிட்டால் காப்பி டிஸ்க் ஓடும். நுங்கம்பாக்கம் லேண்ட்மார்க் போன்ற கடைகளில் ஒரிஜினல் டிஸ்க் ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோது, காப்பி டிஸ்க்கை ஒரு மசால் தோசை விலையில் வாங்க முடிந்தது. பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களுக்கு மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர்ச் சந்துகளில் மணிக்கணக்கில் காசு வாங்கிய கேம் சென்டர்கள் இருந்தன. தரமணி டைடல் பார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபியின் ஐவே மையங்களும் தெருமுனை பிரவுசிங் சென்டர்களும் கம்ப்யூட்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்களை ஈர்த்தன. ஆக, 2000களின் நடுவில் சென்னையில் தீவிர ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களைத் தன்னுடையவர்கள் என்று சொல்லிக்கொள்ளும்படி எந்த நிறுவனமும் நடந்துகொண்டிருந்ததா என்பதுதான் கேள்வி.

காப்பி டிஸ்க்கில் ஆடியவரைத் தீவிர ஆட்டக்காரர் என்று எப்படிக் கணக்கில் எடுப்பது, ஒரு ரூபாய்கூடத் தராதவரைத் தக்கவைத்து நிறுவனத்துக்கு என்ன பயன் என்று கேட்கலாம். படைத்தவனுக்குக் கூலி போய்ச் சேராதது தவறு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வரலாற்றை எழுதும்போது, அன்று அவர்முன் இருந்த வழிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரிஜினல் டிஸ்க் கிடைத்த கடைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பழுதானால் நிறுவனத்திடம் கொண்டுபோய்ச் சரிசெய்வதும் அரிது. கள்ளச் சந்தையில் ஆடப் பழகியவர்கள் என்றுமே காசு கொடுக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு 2021 ஜனவரி பதில் சொன்னது. 49,990 ரூபாய் விலையில் பிளேஸ்டேஷன் 5க்கு முன்பதிவு தொடங்கிய அன்று, சில நிமிடங்களில் எல்லாம் தீர்ந்துபோயின. அன்று வந்த சரக்கு குறைவு என்பதை மறக்கக் கூடாது. அப்படியும், விலையைப் பார்த்துப் பின்வாங்காத ஒரு கூட்டம் இங்கே வளர்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. அந்தக் கூட்டத்தின் வேர்களில் ஒன்று சிப் போட்ட பெட்டிகளின் காலத்தில் இருக்கிறது.

இனி நிண்டெண்டோவின் சாட்சியத்துக்கு வருவோம். தீவிர ஆட்டக்காரரைப் பற்றிப் பேசும் எவரும் வீ கன்சோலைத் தவிர்க்க முடியாது. 2006 நவம்பரில் வந்த வீ, கையை வீசினால் டென்னிஸ் ஆடலாம் என்ற எளிமையால் பாட்டிகளையும் குழந்தைகளையும் இழுத்தது. மொத்தம் 10 கோடியே 16 லட்சம் பெட்டிகள் விற்றன. அதே காலத்தில் பழைய ஆட்டக்காரர்கள், நிண்டெண்டோ எங்களை மறந்துவிட்டது என்று புகார் சொன்னார்கள். 2012இல் அடுத்த பெட்டியான வீ யூ வந்தது. அது விற்றது வெறும் 1 கோடியே 35 லட்சம் சொச்சம். பத்துக் கோடிப் பேர் எங்கே போனார்கள்? அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குள் கையில் ஸ்மார்ட்போன் வந்திருந்தது, எளிய ஆட்டம் அதிலேயே கிடைத்தது. யார் நின்றார்கள் என்பது இன்னும் முக்கியம். வீ யூவில் மாரியோ கார்ட் 8 என்ற ஒரே ஆட்டம் 84 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பெட்டி வைத்திருந்த ஐந்து பேரில் மூன்று பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். தோற்றுப்போன ஒரு பெட்டியில் இப்படிப்பட்ட விகிதம் வருகிறதென்றால், அங்கே இருந்தவர்கள் தீவிர ஆட்டக்காரர்களே. 2017 மார்ச் 3 அன்று ஸ்விட்ச் வந்தபோது வீ யூவின் சிறந்த ஆட்டங்கள் அடுத்தடுத்து அதற்கு மாற்றப்பட்டன. அந்தச் சிறு கூட்டத்தின் தோளில் ஏறி 15 கோடியைத் தாண்டியது ஸ்விட்ச். கூட்டம் போன பிறகும் நின்றவர்களே நிறுவனத்தை அடுத்த காலத்துக்குக் கொண்டுசேர்த்தார்கள்.

சென்னைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்கள் இதே கட்டத்தைக் கடந்து வந்தவை. கச்சேரிக்கென்று தொடங்கிய சபாக்கள் பல, 1950களிலிருந்து உறுப்பினர்களைப் பெருக்க மேடை நாடகங்களைக் கைக்கொண்டன. ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952இல் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ் ஆகிய குழுக்களின் நாடகங்களுக்கு அரங்கு நிறைந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. பின்னர் தொடர்கள் வீட்டுக்குள்ளேயே வரத் தொடங்கியதும் நாடகத்துக்கு வந்த கூட்டம் மெல்ல வீட்டிலேயே தங்கிவிட்டது. மார்கழிக் கச்சேரி ரசிகர் தங்கவில்லை. அவர் தேடி வந்தது தொலைக்காட்சியில் கிடைக்கவில்லை. நாடகம் நடத்தியது சபாக்களின் பிழையென்று நான் சொல்ல மாட்டேன். அதில் வந்த வருமானம் பல அமைப்புகளைத் தாங்கியது, தமிழ் நாடகமும் வளர்ந்தது. கூட்டம் குறைந்த நாளிலும் சபா பிழைத்ததற்குக் காரணம், பெருங்கூட்டம் இருந்த நாட்களிலும் மார்கழியை அது கைவிடாமல் இருந்ததே. வீ கன்சோலின் குறை பாட்டிகளை அழைத்ததில் இல்லை. அழைத்த காலத்தில் பழைய ரசிகருக்கான ஆட்டங்கள் இடைவெளி விட்டு வந்ததில் இருந்தது.

வாக்கு தவறினால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியல்ல. தவற்றை ஏற்று ஈடுசெய்த நிறுவனத்தை ஆட்டக்காரர்கள் மன்னித்திருக்கிறார்கள். 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் மூன்று சிவப்பு விளக்குகள் எரிய அடுத்தடுத்துச் செயலிழந்தன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, 100 கோடி டாலருக்கும் மேல் செலவை ஏற்றுக்கொண்டது. அந்தக் கன்சோல் கடைசியில் 8.4 கோடி விற்றது. 2011இல் நிண்டெண்டோவின் 3டிஎஸ் கையடக்கப் பெட்டி ஜப்பானில் 25,000 யென் விலையில் வந்து தேங்கியது. ஆறே மாதத்தில் விலை 15,000 யென்னாகக் குறைந்தது. முதலிலேயே முழு விலை கொடுத்தவர்கள் ஏமாந்தவர்களாக உணரக் கூடாது என்று அவர்களுக்கு 20 பழைய ஆட்டங்கள் இலவசமாகத் தரப்பட்டன. நிறுவனத் தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். சேகா 32எக்ஸ் வாங்கியவர்களை நடத்திய விதத்தையும் இதையும் அருகருகே வைத்தால், ஒன்று ஏன் கன்சோல் தொழிலை விட்டது, மற்றது ஏன் நிற்கிறது என்பது விளங்கும். இருவருமே பிழை செய்தார்கள். முதலில் நம்பியவரின் இழப்பைத் தன் இழப்பாகக் கருதியது ஒரு நிறுவனம் மட்டுமே.

அதே மைக்ரோசாஃப்ட் ஆறு ஆண்டுகளில் அந்தப் பாடத்தை மறந்தது. 2013 மே 21 அன்று எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமான மேடையில் தொலைக்காட்சியைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் இணைய வேண்டும், டிஸ்க்கைப் பிறருக்குக் கொடுப்பதிலும் விற்பதிலும் கட்டுப்பாடுகள் இருக்கும் என்றும் பிறகு தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்பி, ஜூன் 19க்குள் இரண்டையும் கைவிட நேர்ந்தது. ஆனால் அதற்குள் சோனி, டிஸ்க்கைக் கைமாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் முறை என்று ஒரு சிறு காணொளியில் காட்டிவிட்டிருந்தது. விலையிலும் 499 டாலருக்கு எதிராக 399 டாலர். பிளேஸ்டேஷன் 4 விற்பனை 11.7 கோடியைத் தொட்டது. மைக்ரோசாஃப்டோ 2015இல் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. பல ஆண்டுகள் கழித்து, 2023இல், எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவர் ஃபில் ஸ்பென்சர் இந்தத் தோல்வியின் ஆழத்தை வெளிப்படையாகப் பேசினார். ஆட்டக்காரர்கள் தங்கள் டிஜிட்டல் நூலகத்தைக் கட்டத் தொடங்கிய தலைமுறையில் தோற்றதுதான் மிக மோசமான தோல்வி என்பது அவர் கருத்து. சேர்த்து வைத்த ஆட்டங்கள் இருக்கும் இடத்தைவிட்டு ஆட்டக்காரர் நகர மாட்டார் என்பதைப் போட்டியில் தோற்ற தரப்பே ஒப்புக்கொண்ட சாட்சியம் அது.

டிஸ்க் என்பது சென்னை ஆட்டக்காரருக்கு இன்னும் பெரிய விஷயம். பிளேஸ்டேஷன் 4 காலத்தில் ஒரு பெரிய ஆட்டம் 3,999 ரூபாய்க்கு விற்றது, 5 வந்தபின் 4,999 ரூபாயானது. மாதம் ஒன்று வாங்க இங்கே பெரும்பாலோரால் முடியாது. ஆடி முடித்த டிஸ்க்கை விற்று, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து அடுத்ததை வாங்குவதுதான் இங்குள்ள நடைமுறை. செகண்ட் ஹேண்ட் டிஸ்க் கைமாறும் கடைகளே இந்த நகரத்துத் தீவிர ஆட்டக்காரரின் நூலகம். அமெரிக்காவில் கிளம்பிய எதிர்ப்பு உரிமையைப் பற்றியது என்றால், இங்கே அது ஆட முடியுமா முடியாதா என்பதைப் பற்றியது. டிஸ்க் போடும் வசதியில்லாத பெட்டிகளை நிறுவனங்கள் முன்னிறுத்தத் தொடங்கியிருக்கும் இன்றைய நிலையில், இந்தியாவுக்கு டிஸ்க் பெட்டி தொடர்ந்து வருமா என்பது சந்தைப் பிரிவு அலுவலர் தீர்த்துவிடக்கூடிய சின்ன விஷயமல்ல. இங்குள்ள ஆட்டக்காரரின் எதிர்காலமே அதில் இருக்கிறது.

சோனி இந்தியாவுக்கு எதுவும் செய்யவில்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. 2009இல் ஹைதராபாத்தில் உருவான ‘ஹனுமான்: பாய் வாரியர்’, கில்லி, கபடி, பட்டம் ஆகியவற்றைத் திரைக்குக் கொண்டுவந்த ‘தேசி அட்டா’, அடுத்த ஆண்டு மும்பையில் உருவான ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’ என்று பி.எஸ்.2க்கு இந்திய ஆட்டங்கள் வந்தன. உலகெங்கும் பி.எஸ்.2 தயாரிப்பு நின்ற பிறகும், 2013இல் இங்கே ‘டான் 2’ வெளியானது. புதியவர்களை அழைத்துவரும் முயற்சி என்ற அளவில் இது பாராட்டுக்குரியது. ஆனால் காட் ஆஃப் வார் ஆடி முடித்த ஆட்டக்காரருக்கு இவற்றில் எதுவும் இல்லை. அவர் எதிர்பார்த்தது பி.எஸ்.3க்குச் செல்லும் ஒரு பாலம். 2007 ஏப்ரலில் பி.எஸ்.3 இங்கே வந்தபோது அதன் விலை 39,990 ரூபாய். பழைய காப்பி டிஸ்க்குகள் அதில் ஓடா. சேர்த்து வைத்தது பயனற்றுப்போக, நண்பர்களும் வாங்க முடியாமல்போக, அவரை இழுத்துச் செல்ல எதுவும் எஞ்சவில்லை. பலர் கம்ப்யூட்டருக்குப் போனார்கள். 2006 செப்டம்பரிலேயே வந்துவிட்ட எக்ஸ்பாக்ஸ் 360க்குச் சிலர் போனார்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெடிங்டன் அதை நாடெங்கும் விநியோகித்தது.

வரியும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கன்சோலுக்கு 28 சதவீதம் விதிக்கப்பட்டது. 2018 பட்ஜெட் சுங்க வரியை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. 2019 ஜனவரியில் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. இதற்கு நிறுவனங்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தாமதத்துக்கு வரி காரணமல்ல. 2020 நவம்பரில் உலகச் சந்தைக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2 அன்றுதான் வந்தது. எக்ஸ்பாக்ஸின் புதிய பெட்டியோ உலகத்தோடு ஒரே நாளில், 2020 நவம்பர் 10 அன்று, இங்கும் வந்தது. அப்படியிருந்தும் இந்தியாவில் பிளேஸ்டேஷனே முன்னணியில் இருக்கிறது, ஆகவே மரியாதை, நேரம் என்பதெல்லாம் வீண்பேச்சு என்று ஒருவர் வாதிடக்கூடும். எனக்கு இது எதிர்த்திசையில் படுகிறது. பி.எஸ்.2 காலத்திலிருந்து வளர்ந்த பழக்கமும், பி.எஸ்.4இல் சேர்ந்த ஆட்டங்களும், அவை புதிய பெட்டியிலும் ஓடும் என்ற உறுதியும், நண்பர்கள் அங்கே இருப்பதும் அந்த மூன்று மாதத் தாமதத்தைத் தாங்கின. ஆனால் தாங்கும் சக்திக்கு எல்லை உண்டு. 2024 நவம்பரில் சோனி பி.எஸ்.5 புரோ என்ற பெட்டியை வெளியிட்டது. மிகத் தீவிரமான ஆட்டக்காரருக்கென்றே செய்த அந்தப் பெட்டி அப்போது இந்தியாவுக்கு வரவில்லை. அது பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் கம்பியில்லா அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லை என்பது காரணம். விதி அரசினுடையது என்றாலும், அந்த விதிக்கு ஏற்ப ஒரு மாற்றுப் பெட்டி செய்யும் அளவுக்கு இந்திய ஆட்டக்காரர் முக்கியமானவராகக் கருதப்படவில்லை.

ஆட்டம் இன்று கைபேசியில் இருக்கிறது, கன்சோல் ஆட்டக்காரர் ஒரு சிறுபான்மை, அவரைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்பது அடுத்த கேள்வி. எண்ணிக்கை குறித்து மறுப்பில்லை. ஆனால் கைபேசியிலும் இதே விதிதான் நடக்கிறது. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது பப்ஜி மொபைலும் அதில் போனது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் அது திரும்பி வந்தபோது, பழைய கணக்கில் சேர்த்தவற்றைப் புதிய செயலிக்கு மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. ஆட்டக்காரர்கள் திரும்பினார்கள். 2022இல் மீண்டும் தடை, 2023இல் மீண்டும் வருகை. அப்போதும் அவர்கள் திரும்பினார்கள். சென்னையிலிருந்து இயங்கும் ஸ்கைஎஸ்போர்ட்ஸ் போன்ற போட்டி அமைப்புகள் வளர்ந்ததும் இந்த உறுதியான கூட்டத்தை நம்பியே. சேர்த்தது காக்கப்பட்டது, நண்பர்கள் அங்கே இருந்தார்கள், எனவே அவர்கள் நின்றார்கள். எளிய ஆட்டங்களை ஆடிவிட்டு நீக்கிவிடுகிற பெருங்கூட்டத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதனாலேயே அந்தக் கூட்டத்தை நம்பி எந்த நிறுவனமும் நீண்ட திட்டம் போட முடியாது.

கடைசியாக, ஒரு பெட்டியில் மட்டும் கிடைக்கும் ஆட்டங்களே ஆட்டக்காரர்களைப் பிடித்துவைத்தன, அந்த வேலி உடைந்தபின் யாரையும் தக்கவைக்க முடியாது என்ற கருத்து இருக்கிறது. வேலி உடைவது உண்மை. 2020இல் சோனியின் ஹொரைசன் ஸீரோ டான் கம்ப்யூட்டருக்கு வந்தது. 2024 முதல் மைக்ரோசாஃப்ட் தன் ஆட்டங்களைப் பிளேஸ்டேஷனுக்குத் தரத் தொடங்கியது. 2025இல் எக்ஸ்பாக்ஸின் அடையாளமாகவே விளங்கிய ஹேலோவும் அங்கே வரும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் வேலி ஆட்டக்காரரை வரவழைக்க உதவியதே தவிர, நிறுத்தி வைக்கவில்லை. சேகாவிடம் சோனிக் ஆட்டம் இருந்தது. வீ யூவிடம் மாரியோ இருந்தது. ஒன்று மாண்டது, மற்றது மெலிந்தது. அதே நேரம் 2015இல் எக்ஸ்பாக்ஸ் ஒன், பழைய 360 ஆட்டங்களை ஓட்டத் தொடங்கியபோது விலகிப் போக நினைத்த பலர் தங்கினார்கள். வேலியைக் கட்டுவது எளிது. ஆட்டக்காரர் பத்தாண்டுகளாகச் சேர்த்ததைப் பத்திரமாக அடுத்த பெட்டிக்குக் கொண்டுசேர்ப்பது கடினம், செலவு பிடிக்கும். அதைச் செய்கிறவரிடமே ஆட்டக்காரர் நிற்கிறார்.

ஆக, வரலாறு தரும் தீர்ப்பு தெளிவானது. கன்சோல் நிறுவனத்தால் தீவிர ஆட்டக்காரர்களைத் தக்கவைக்க முடியும். இழந்த நிறுவனங்கள் எல்லாம் தம் கையாலேயே இழந்தன. புதியவர்களை அழைத்தது ஒரு நிறுவனத்தையும் கவிழ்க்கவில்லை. பழையவர்களின் சேமிப்பை மதியாததும் கொடுத்த வாக்கை மீறியதும் கவிழ்த்தன. 2017இல் வந்த ஸ்விட்சை நிண்டெண்டோ இந்தியாவில் முறையாக அறிமுகம் செய்யவே இல்லை. ஆனாலும் ரிச்சி தெருவில் உள்ளூர் வாரன்டி இல்லாமல் அதை வாங்கி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுவனமே வராத ஊரில்கூட நிற்கத் தயாராக இருப்பவர் அவர். அப்படிப்பட்டவரை இழப்பதற்கு ஒரு நிறுவனம் மிகவும் மெனக்கெட வேண்டும். இந்தியாவில் தொழில் செய்யும் நிறுவனங்கள் மூன்றைச் செய்தால் போதும்: டிஸ்க் பெட்டியைத் தொடர்ந்து தருக, பழைய ஆட்டங்கள் புதிய பெட்டியில் ஓடும்படி செய்க, உலகத்துக்கு வரும் நாளிலேயே இங்கும் வருக. வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த பெட்டியை வாங்குமுன் அதன் வேகத்தையும் படத்தின் துல்லியத்தையும் பார்ப்பதோடு, நீங்கள் இதுவரை வாங்கிய ஆட்டங்கள் அதில் ஓடுமா, அதை விற்கிறவர் முன்பு கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாரா என்றும் கேளுங்கள்.

அடுத்த பகுதியில், 2016க்குப் பின் மலிவான இணைய டேட்டா தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களைக் கைபேசிக்கு அழைத்துச் சென்ற கதையைப் பார்ப்போம்.